அந்தத் தலையணையை எடுங்க

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய் கொடுத்து அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். வெள்ளை ஷூ போட்ட ஒரு அம்மா பூங்காவில் கையை வீசி நடக்கிற படம். 'முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அன்றே நடக்கலாம்' என்று எழுதியிருந்தது. என் பெரியம்மாவுக்கு முந்தின நாள் காலை 11 மணிக்கு வலது காலில் அந்த ஆபரேஷன் முடிந்திருந்தது. வயது 68. ஊரில் எல்லாரும் பேனரில் இருந்ததைத்தான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நாலாம் நாள் வீட்டுக்கு வந்துரலாம், அடுத்த வாரம் சந்தைக்கே போகலாம்." அந்த நடை எப்படி வருகிறது என்று பக்கத்தில் இருந்தே பார்த்துவிட வேண்டும் என்றுதான் நான்கு நாள் லீவு போட்டு வந்திருந்தேன்.

நான்காவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததுமே டெட்டால் வாசனையும் கேன்டீனிலிருந்து வந்த சாம்பார் வாசனையும் கலந்து அடித்தன. பெரியம்மா சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாதித் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை பருமனாகக் கட்டு. முகம் தெளிவாக இருந்தது.

"வலியே இல்லய்யா. இதுக்குப் போயி ஆறு வருசம் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றது.

ரத்த அழுத்தம் பார்க்க வந்த சிஸ்டர் என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "மரத்துப்போற மருந்து இன்னும் கொஞ்சம் வேலை செய்யுது சார். மத்தியானத்துக்கு மேல வலிக்கும். மாத்திரையைத் தள்ளிப் போடாம கொடுத்துருங்க" என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது. மூன்று மணிக்கு மேல் பெரியம்மா யாரோடும் பேசவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்த கையை விடவும் இல்லை. ஆபரேஷன் நாளைவிட மறுநாள்தான் வலி கூடுதல் என்பதை எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் பெரியம்மாவோடு தங்கியிருந்த அக்கா அன்றைக்கு ரொம்பவே பயந்துவிட்டாள்.

காலைக்கே திரும்புகிறேன். ஆபரேஷன் ஆன முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை இருந்தது. அக்கா வைத்தது. கால் லேசாக மடங்கி, பார்க்கவே சுகமாக இருந்தது. அது சரிந்தபோது நானே உள்ளே தள்ளி வைத்தேன். 9.10க்கு பிசியோதெரபிஸ்ட் வந்தார். 25, 26 வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய பிளாஸ்டிக் கோணமானி. பெயர் சொல்லவில்லை, வணக்கம் சொல்லவில்லை. முதல் வார்த்தையே, "அந்தத் தலையணையை எடுங்க" என்பதுதான்.

எடுத்ததும் பெரியம்மா முகம் சுருங்கியது. அந்தப் பெண் ஒரு துண்டை உருளையாகச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் கொடுத்தார். இப்போது குதிகால் மேலே, முழங்கால் அந்தரத்தில். தன் எடையாலேயே அது கீழே இறங்கி நேராக வேண்டும். "அம்மா, கால் மடங்கலைன்னு எல்லாரும் கவலைப்படுவாங்க. கால் நீளலைன்னு யாரும் கவலைப்பட மாட்டாங்க. ரெண்டுல நீளாத கால்தான் உங்களைக் கஷ்டப்படுத்தும்" என்றார்.

காரணத்தை விடாமல் கேட்டேன். வீங்கிய மூட்டுக்கு லேசாக மடங்கி இருப்பதுதான் சுகம். உள்ளே இருக்கிற நீருக்கு அப்போதுதான் இடம் அதிகம். அந்தச் சுகத்திலேயே இரண்டு மூன்று வாரம் கிடந்தால் முழங்காலின் பின்பக்கச் சவ்வும் தொடையின் பின்தசையும் அந்த நீளத்துக்கே இறுகிவிடும். பிறகு எழுந்து நின்றாலும் கால் 10 டிகிரி, 15 டிகிரி மடங்கியபடியேதான் நிற்கும். மடங்கிய காலில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் தொடை முன்தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் நின்று தோசை சுடக்கூட முடியாமல் போவது இப்படித்தான்.

அடுத்து பயிற்சி. பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டுவது. கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளி, ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை 10 தடவை. அது சுலபமாக வந்தது. முழங்காலைப் படுக்கையோடு அமுக்கி 5 எண்ணுவது, அதுவும் வந்தது. பிறகு, "கால் மடக்காம, குதிகாலைக் கட்டில்லேர்ந்து தூக்குங்க" என்றார்.

பெரியம்மா மூச்சைப் பிடித்தது. தொடை நடுங்குவது கட்டுக்கு மேலேயே தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. குதிகால் விரிப்பை விட்டு ஒரு நூல் அளவுகூட எழும்பவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. கண் கலங்கிவிட்டது. 35 வருடம் வயலில் நாற்று நட்ட கால் அது. "ஏய்யா, இது என் காலு மாதிரியே இல்லய்யா" என்றது என்னைப் பார்த்து.

ஊரில் நாம் நினைக்கிற மாதிரி மூட்டையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு மூட்டு மாட்டுவதில்லை. தேய்ந்த எலும்பு முனைகளை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, தொடை எலும்பின் முனையில் கோபால்ட் குரோமியம் உலோகத்தில் ஒரு தொப்பி போடுகிறார்கள். கீழ்க்கால் எலும்பின் தலையில் ஒரு உலோகத் தட்டு. இரண்டும் உரசாமல் நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். ஒட்டுவதற்கு எலும்புக்கென்றே உள்ள சிமென்ட். தசை, நரம்பு, பக்கத்து நாண்கள் எல்லாம் நம்முடையதுதான். மூட்டு வீங்கினால் தொடை முன்தசைக்குப் போகிற கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுகிறது. ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே வைத்த உலோகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதை ஆட்டுவது இந்தத் தசைதான். குதிகால் எழும்பாமல் போனதன் விளக்கம் இதுதான்.

அன்று காலையே நடக்கவும் வைத்தார்கள். இதில் பேனர் பெரிய பொய் சொல்லவில்லை, ஒரு நாள்தான் தள்ளிப் போனது. வாக்கரை முதலில் நகர்த்தி, ஆபரேஷன் ஆன காலை வைத்து, பிறகு நல்ல காலை எடுத்து வைத்து. கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவு வரை தரையில் 2 அடி டைல்ஸ் பதித்திருந்தார்கள். எண்ணினேன், 7 டைல்ஸ். போக 14 அடி, திரும்ப 14 அடி. ஆறு நிமிடம் ஆனது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஜாக்கெட் முதுகு வேர்வையில் நனைந்திருந்தது. கோணமானியை முழங்கால் பக்கவாட்டில் வைத்து அளந்தார் அந்தப் பெண். மடங்குவது 55. நீள்வதில் 12 குறைவு. சுவரில் ஒட்டியிருந்த தாளில் இரண்டையும் எழுதினார். அதன் பிறகு என் கண் தினமும் அந்தத் தாளில்தான்.

புதன்கிழமை வராந்தாவில் 32 டைல்ஸ் நடந்தது. மடங்குவது 65. வியாழன் படிக்கட்டுப் பழக்கம். பிசியோ அறையில் நான்கே படி உள்ள ஒரு மரப்படிக்கட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். பெரியம்மா அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறி இறங்கியது. அறையின் மூலையில் காலைத் தானாகவே மடக்கி நீட்டும் ஒரு மோட்டார் இயந்திரம், துணி போட்டு மூடிக் கிடந்தது. ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். "மிஷின் மடக்கினா உங்க தசைக்கு அங்க வேலை இல்லையே சார்" என்றார். அந்த இயந்திரத்தால் பெரிய பலன் எதுவும் கிடைப்பதில்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். சில இடங்களில் இன்னும் நாள் வாடகை போட்டு வீட்டுக்கே அனுப்புகிறார்கள்.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். பில் 1,85,000 ரூபாய். மூட்டுக் கருவி என்ன விலை என்று கவுன்ட்டரில் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு இந்தக் கருவிகளுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்ற வழக்கமான கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று ஆனது. கேட்டால் தனியாகக் காட்டுவார்கள், கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதே ஆபரேஷன் நடக்கிறது என்பதையும் எங்கள் பக்கத்தில் பலர் அறியவில்லை. இன்னொன்று. கேஸ் ஷீட்டில் கருவியின் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். கம்பெனி, அளவு, தொடர் எண் எல்லாம் அதில் உண்டு. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். 15, 20 வருடம் கழித்து யாராவது அந்த மூட்டைத் திறக்க நேர்ந்தால் முதலில் தேடுவது அதைத்தான்.

மருத்துவமனைக்கு எதிரே வரிசையாக மூன்று சர்ஜிக்கல் கடைகள். முதல் கடையில் மடக்கும் அலுமினிய வாக்கர் 1,350 என்றார்கள். மூன்றாவது கடையில் அதேதான் 950. கமோடு நாற்காலி 2,600. ஐஸ் ஜெல் பை 180, இரண்டு வாங்கினோம்; ஒன்று காலில் இருக்கும்போது இன்னொன்று ஃபிரீசரில். பெரியம்மா வீடு இருக்கிற மேலூருக்கு 30 கிலோமீட்டர். முன் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டி உட்கார இடமுள்ள கார்தான் வேண்டும் என்று சொல்லி 1,400 ரூபாய்க்குப் பேசினோம்.

வீட்டு வாசலில் கார் நின்றதும்தான் எனக்கு உறைத்தது. தெருவிலிருந்து திண்ணைக்கு இரண்டு படி. டேப் வைத்து அளந்தேன், ஒவ்வொன்றும் 9 அங்குலம். மருத்துவமனையில் ஏறிப் பழகிய மரப்படி 6 அங்குலம். கைப்பிடி கிடையாது. அதைத் தாண்டினால் நிலைப்படி. அதையும் தாண்டினால் கூடத்தில் கோரைப்பாய், அதன் விளிம்பு சுருண்டு நின்றது. கட்டில் உயரம் 14 அங்குலம். அதிலிருந்து முழங்காலை ரொம்ப மடக்கித்தான் எழ வேண்டும். கக்கூஸ் கொல்லையில், கட்டிலிலிருந்து 40 அடி. அதுவும் குத்தவைத்து உட்காருகிற வகை.

குத்தவைத்து உட்கார 130 டிகிரிக்கு மேல் முழங்கால் மடங்க வேண்டும். சமதரையில் நடக்க 65, 70 போதும். படி ஏற 85, 90. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ ஏறத்தாழ 95, 100. அன்றைக்குப் பெரியம்மாவின் கால் மடங்கியது 80. அதாவது வீட்டில் பாதி இடம் அந்தக் காலுக்கு எட்டாது. இந்தக் கணக்கை ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டும். நாங்கள் அன்று சாயங்காலம்தான் தச்சரைத் தேடினோம். கட்டில் கால்களுக்கு அடியில் குழி வெட்டிய மரக்கட்டைகள் வைத்து 5 அங்குலம் உயர்த்தினார். திண்ணைப் படியில் இரும்புக் குழாயில் ஒரு கைப்பிடி பதித்தார். சாமான் கூலி எல்லாம் சேர்த்து 2,200. பாயைச் சுருட்டி மச்சில் போட்டோம்.

சனிக்கிழமை நான் கிளம்பிவிட்டேன். ஒன்பதாம் நாள், புதன்கிழமை மதியம், சொல்லாமல் திரும்பப் போனேன். சொல்லிவிட்டுப் போனால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்பது தெரியும்.

கூடத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு சீப்பு வாழைப்பழம், ஆப்பிள். வாக்கர் மூலையில் நின்றது; அதன் மேல் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா படுத்திருந்தது. முழங்காலுக்கு அடியில் தலையணை. மூன்றாம் வீட்டுச் சித்தி, "நாங்க வந்ததுக்காக எந்திரிக்காதீங்க மதினி, படுங்க படுங்க" என்றார். எதிர்வீட்டு அப்பத்தா ஒரு கிண்ணத்தில் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார், கெண்டைக்காலை நீவி விட. அன்பு அங்கே நிறைந்துதான் கிடந்தது. ஆனால் காலையிலிருந்து எத்தனை தடவை நடந்தீர்கள் என்று கேட்டபோது, பெரியம்மா யோசித்துவிட்டு, "ஒருக்கா" என்றது.

அப்பத்தாவிடம் கையைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆபரேஷன் ஆன சில வாரங்களுக்குக் கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். கட்டியிருக்கிற நேரத்தில் நீவினால் அது நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். உயிருக்கே ஆபத்து. தையல் மேல் எண்ணெய் பட்டால் சீழ் பிடிக்கிற ஆபத்து வேறு. அப்பத்தா கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நான் என்னத்தான் செய்ய?" என்று கேட்டார். நாட்டுக்கோழிக் குழம்பும் முட்டையும் கொண்டுவரச் சொன்னேன். தசைக்குப் புரதம் வேண்டும். அப்பத்தா கைப்பக்குவம் மேலூரில் பேர் போனது.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டை அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். ஒரு தடவைக்கு 500. ஒருநாள் விட்டு ஒருநாள். முக்கால் மணி நேரம் இருக்கிறார். மீதி 23 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். வலி மாத்திரையைக் 'கூடாது, கிட்னிக்கு ஆகாது' என்று யாரோ சொல்லி இரண்டு நாளாக நிறுத்தியிருந்தார்கள். அதனால் வலி. வலியால் பயிற்சி இல்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. டாக்டருக்கு போன் போட்டோம். எழுதிக்கொடுத்த அளவில், எழுதிக்கொடுத்த நாள் வரை சாப்பிடத்தான் வேண்டும், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால் நல்லது என்றார்.

முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். மற்றக் காலைவிடச் சூடாக இருந்தது. சுற்றளவு அளந்தேன்: வலது 44 சென்டிமீட்டர், இடது 38. பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிசியோ தம்பி விளக்கினார். சூடும் வீக்கமும் சில மாதம் வரை இருக்கும், அது வழக்கம்தான். ஐஸ் பையைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. காலை உயர்த்தும்போது குதிகாலும் கெண்டையும் தலையணையில் இருக்கட்டும், முழங்கால் மடங்கக் கூடாது. ஆனால் புண்ணிலிருந்து நீரோ சீழோ வந்தால், சிவப்பு பரவினால், குளிரோடு காய்ச்சல் வந்தால், கெண்டைச் சதை கல் மாதிரி இறுகி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனை. மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108. இதை ஒரு அட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம்.

பதினான்காம் நாள் திங்கட்கிழமை தையல் பின்களை எடுக்கப் போனோம். கட்டைப் பிரித்ததும் முழங்கால் நடுவே நேர்கோடாக ஒரு ஜாண் நீளத் தழும்பு, குறுக்கே வரிசையாகப் பின்கள். சிஸ்டர் குறடு மாதிரி ஒரு கருவியால் ஒவ்வொன்றையும் நடுவில் அமுக்க, இரண்டு முனையும் விரிந்து வெளியே வந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் விழுகிற சத்தத்தை எண்ணினேன். 26. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கையில் பாதி அளவுக்கு மரத்துக் கிடப்பதாகப் பெரியம்மா சொன்னது. அந்த இடத்துக்குப் போகிற சிறிய தோல் நரம்பு வெட்டுக்கோட்டின் குறுக்கே ஓடுகிறது, தவிர்க்க முடியாது என்றார் டாக்டர். மரத்த இடம் மாதக்கணக்கில் சுருங்கும். கொஞ்சம் அப்படியே நிற்கலாம்.

கோணமானி சொன்னது: மடங்குவது 84, நீள்வதில் 10 குறைவு. பத்து நாளில் 4 டிகிரிதான் முன்னேற்றம். பழைய அந்தப் பெண் எங்களைத் திட்டவில்லை. கண்ணைப் பார்த்து, "இன்னும் நாலு வாரம் இருக்கும்மா. வுட்ராதீங்க" என்றார்.

பிசியோ கூடத்தில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு மூட்டும் மாற்றிய ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், சைக்கிளில் உட்கார்ந்து பெடலை அரை வட்டம் முன்னே, அரை வட்டம் பின்னே தள்ளிக்கொண்டிருந்தார். "இந்த மூட்டு எத்தனை வருசம் வருமாம் தம்பி?" என்று கேட்டார். 2019இல் லான்செட் இதழில் வந்த கணக்கு எனக்கு நினைவில் இருந்தது. முழு மூட்டு மாற்றில் 100க்கு 82 மூட்டுகள் 25 ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன. சொன்னேன். "அப்ப இது என்னைத் தாண்டிப் போகும்" என்று சிரித்தார். அந்த நேரத்தில் பெடல் முதல் முறையாக முழு வட்டம் சுற்றியது. பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவை மறக்க முடியவில்லை. எட்டு வாரம் ஆகிறது. மடங்குவது 60. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் குச்சி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. ஊர் 60 கிலோமீட்டர் தள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரே மகன் துபாயில். ஆபரேஷனுக்கு மகன் பணம் அனுப்பினான், நன்றாக முடிந்தது, டிஸ்சார்ஜ் ஆகிப் போனார். எந்தப் பயிற்சி எத்தனை நாள் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை என்றார். டிஸ்சார்ஜ் தாளில் 'பிசியோதெரபி' என்று ஒரு வார்த்தை இருந்ததாம், ஆங்கிலத்தில். வலித்ததால் ஐந்து வாரம் படுத்திருந்தார். வியாழக்கிழமை மயக்கம் கொடுத்து டாக்டரே காலை மடக்கி, உள்ளே ஒட்டியதைப் பிரித்துவிடப் போகிறார். மறுபடி செலவு, மறுபடி முதல் நாள் வலி. அந்த ஆபரேஷனில் எந்தப் பிழையும் இல்லை என்று எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார்கள். நானும் பார்த்தேன். படத்தில் உலோகம் அழகாகத்தான் உட்கார்ந்திருந்தது.

அவரைப் போன்றவர்களுக்கு என்ன வழி என்று ஊருக்குத் திரும்பும் வழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறங்கி விசாரித்தேன். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரியும். அதே திட்டத்தில் இயன்முறை மருத்துவரும், அதாவது பிசியோதெரபிஸ்டும், வீடு தேடி வருகிறார், காசு கிடையாது. அங்கிருந்த செவிலியர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தவர்கள் பக்கவாதம் வந்தவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள். "மூட்டு மாத்தினவங்க வருவாங்களா?" என்று கேட்டேன். "கேட்டா எழுதிக்குவோம் சார். யாரும் கேக்கலை" என்றார். ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்றால் தினம் வர முடியாதுதான். ஆனால் முதல் வாரமே ஒருவர் வந்து தலையணையை எடுத்திருந்தால் அந்த அம்மா வியாழக்கிழமை மறுபடியும் ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டியிருந்திருக்காது என்று நம்புகிறேன். மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் தாளைத் தமிழில், படத்தோடு, நாள்வாரியாகக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

அதன் பிறகு மேலூர் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் பெரியம்மாவோடு வாசல் வரை ஒருமுறை நடந்துவிட்டுத்தான் காபி குடிக்க வேண்டும். சித்தி முதலில் வருத்தப்பட்டார். பிறகு அவரே மற்றவர்களை எழுப்பி நடக்கவிட்டார். சீரியல் விளம்பர இடைவேளையில் குதிகாலைத் தரையில் பின்னோக்கி இழுத்து மடக்குவது. காலையும் மாலையும் குதிகாலுக்குத் துண்டு வைத்துப் பத்து நிமிடம். மூன்றாம் வாரக் கடைசியில் வாக்கரை விட்டுக் கைத்தடி, அதுவும் இடது கையில். பலரும் வலிக்கிற பக்கத்திலேயே தடியைப் பிடிக்கிறார்கள். எதிர்க்கையில் பிடித்தால்தான் ஆபரேஷன் கால் மேல் விழும் எடை குறையும்.

நாற்பத்திரண்டாம் நாள் நான் போனபோது பெரியம்மா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முறத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைப்பிடியை ஊன்றாமல் எழுந்தது. இரும்புக் குழாயைப் பிடித்து இரண்டு படியும் இறங்கியது, ஆபரேஷன் கால் முதலில். பிசியோ தம்பி அன்று அளந்ததில் மடங்குவது 112, நீள்வதில் 2 குறைவு. ராத்திரியில் இன்னும் இரண்டு தடவை விழிப்பு வருகிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் விறைக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்வது இனி கிடையாது. கோயிலில் நாற்காலி கேட்க முதலில் கூச்சமாக இருந்ததாம், இப்போது இல்லை.

இடது காலுக்கும் செய்தாக வேண்டும். அறுவடை முடிந்து தை மாதம் பார்க்கலாம் என்று இருக்கிறார்கள். இந்தத் தடவை கட்டிலும் கைப்பிடியும் தயார். அந்த 500 ரூபாய் பிசியோ தம்பியிடம் ஆறு வாரத்துக்கு இப்போதே சொல்லி வைத்தாயிற்று. குதிகாலைத் தூக்கும் பயிற்சியை இடது காலுக்கு இப்போதிருந்தே பெரியம்மா செய்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது தேதி குறித்திருந்தால், அறைக்கு முன்பணம் கட்டும் அன்றைக்கே உங்கள் ஊருக்கு வரக்கூடிய பிசியோதெரபிஸ்டின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிவிடுங்கள். காசுக்கு வழியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து நோட்டில் பெயரைப் பதிந்து வையுங்கள்.